ஆறாம் நாள் வற்றம்

அமாவாசை கழிந்து ஆறு நாள்.
பாசிக்கும் சஷ்டிக்கும் ஒரே கணக்கு:
தென்கடல் வற்றும், பாறை தலைகாட்டும்,
அந்த ஆறு நாளும்தான் என் வீட்டில் அடுப்பு எரியாது.

சின்னப்பாலத்திலிருந்து ஒரு வள்ளம், ஏழு பெண்கள்.
ஏழு பேருக்கும் புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டை,
விரல்களில் துணிச்சுற்று.
ராக்கு தூக்குவாளியைத் திறக்கிறாள்.
"ஒரு வாய் நீச்சத்தண்ணியாவது குடிச்சிட்டு இறங்குடி,
மூச்சுப் பிடிக்க உள்ள ஏதாச்சும் கெடக்கணும்ல."
நான் கண்ணாடியில் துப்பித் துடைத்துக்கொண்டு
குதிக்கிறேன்.

கடல் கேட்டுக்கொண்டு ஊட்டுவதில்லை.
முங்கி எழும்போதெல்லாம் ஒரு மிடறு உள்ளே போகிறது.
முதல் வருஷமே பூசாரியிடம் கேட்டேன்,
உப்புத்தண்ணி விரதத்தை முறிக்குமா என்று.
வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளி
"விழுங்குனியா, விழுந்துச்சா?" என்றார்.
இருபத்து மூன்று வருஷமாகிறது,
அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்றுதான்
கல்யாணமான ஐந்தாம் ஐப்பசியில் என்னைப் பட்டினி போட்டார்கள்.
வந்தான்.
நம்புக்குமார் என்று பேர் வைத்தோம்.
அப்புறம் அவனுக்காக இருந்தேன்.
கக்குவான் இருமலுக்கு ஒரு வருஷம்,
கணக்குப் பாடத்துக்கு ஒரு வருஷம்.
அவன் முதன்முதலாக விசைப்படகில் ஏறிய வருஷம்
எச்சிலைக்கூட எண்ணி விழுங்கினேன்.

இந்த வருஷம் அர்ச்சனைக்குப் பேர் கேட்டார் பூசாரி.
சொன்னேன்.
தட்டைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் கேட்டார்.
வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்:
சாக்கு சாக்காகக் கடலட்டை, நடுராத்திரி, மரைன் போலீஸ்,
தப்பி ஓடும்போது ஒரு ஏட்டின் கை முறிந்தது.
அவன் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.
அவன் முரட்டுக் கை எனக்குத் தெரியும்,
எண்ணெய் போட்டு நீவி நீட்டியதே நான்தான்.

மூன்றாம் நாள் ராமநாதபுரத்துக்கு மனு பார்க்கப் போனேன்.
கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
"சாப்பிட்டியாம்மா?"
சத்தம் வரவில்லை, வாய் அசைந்தது.
"சாப்பிட்டேன்" என்று கத்தினேன்.
பொய் விரதத்தை முறிக்குமா என்று
யாரிடமும் கேட்கவில்லை.

பாறையைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கிக் கிடக்கும் நேரத்தில்
மாயையை நினைக்கிறேன்.
சூரனைப் பெற்றவள்.
இன்று சாயங்காலம் ஊர்த்திடலில் அவன் தலையை
யானையாக, சிங்கமாக மாற்றி மாற்றி வைப்பார்கள்,
பிள்ளைகள் விசிலடிக்கும்.
கடைசியில் கடலுக்குள் மாமரமாய் நின்றானாம்.
எந்தக் கடல் என்று யாரும் சொல்வதில்லை.
அந்த ஆறு நாளும் அவள் என்ன சாப்பிட்டாள்?
யார் கொடுத்த கஞ்சியை வேண்டாமென்று தள்ளினாள்?
அவளும் யாரையாவது கும்பிட்டிருப்பாளே.
வேலோடு எதிரே நின்ற அந்தப் பிள்ளையைத் தவிர
அப்போது கும்பிட வேறே சாமி யார் இருந்தது?

முருகா, விட்டுவிடு என்று கேட்கவில்லை.
பிளந்துதான் ஆகவேண்டுமென்றால் பிள.
ஆனால் அவனைப் பிளந்து நீ தூரப் போடவில்லை.
ஒரு பாதிமேல் ஏறி உட்கார்ந்தாய்,
ஒரு பாதியைக் கொடியில் வைத்துக்கொண்டாய்.
அதைத்தான் சொல்ல வந்தேன்.
மயில் வரைக்கும் எனக்கு ஆசையில்லை.
சேவல் போதும்.
விடியும்போது எங்கிருந்தாவது
குரல் கேட்டால் போதும்.

நெஞ்சு முட்டுகிறது.
வேரை விட்டுவிட்டு
ஒரு பிடி கட்டக்கோரை கிள்ளிக்கொண்டு எழுகிறேன்,
வாய் நிறையக் கடலோடு.

ராக்கு சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருக்கிறாள்.
"வெள்ளம் ஏறுது, போதும் வா.
எடை போட்டுட்டுச் சூரன் பாக்கப் போகணும்ல."